கோடு படாத புள்ளி

போன மாதம் தபாலில் ஒரு படிவம் வந்தது. அனுப்பியவள் என் பழைய இலாகாவில் இப்போது வேலை பார்க்கிற பெண். மேலே 'குழு ஆலோசனை – வழிகாட்டி' என்று தலைப்பு. கீழே அச்சில் ஒரு வட்டம், வட்டத்தைச் சுற்றி எட்டு நாற்காலி. கூடவே ஒரு துண்டுக் கடிதம்: "அம்மா, உங்க காலத்துல இதெல்லாம் இருந்துச்சா? இருந்திருந்தா எப்படிச் செஞ்சீங்கன்னு எழுதித் தாங்க." நாற்காலிகளைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் காலத்தில் ஒரு ஊரில் மொத்தமே இரண்டு நாற்காலிதான் இருக்கும். இரண்டிலும் ஆண்கள் உட்கார்ந்திருப்பார்கள்.

இருந்தது, பெண்ணே. பெயர்தான் வேறு. 'கூடிப் பேசுதல்' என்று டைரியில் எழுதுவோம். ஆனால் அந்த நாட்கள் இப்போது எனக்கு வரிசையாக வருவதில்லை. மதியம் சாப்பிட்டுவிட்டுக் கண் அயரும்போது முந்திரிக்கொட்டை வறுக்கிற வாசம் முதலில் வரும். பிறகு கண்மாய்த் தண்ணீரில் வெயில் நெளிவது தெரியும். அப்புறம் ஒரு ரயில்வே பிளாட்பாரம், அதில் வேப்ப நிழலில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் பெண்களின் முதுகுகள். ஒரு முதுகு மட்டும் திரும்பவே திரும்பாது. அதைக் கூப்பிடப் போகும்போது விழித்துக்கொள்வேன். கொஞ்ச நேரத்துக்கு எந்த ஊரில் இருக்கிறேன் என்றே தெரியாது. அப்படி வருவதை வந்தபடி எழுதுகிறேன். முன்பின்னாக இருந்தால் நீ சரிசெய்துகொள்.

நான் வேலைக்குச் சேர்ந்தது ஐம்பதுகளின் கடைசியில். புதுக்கோட்டை சமஸ்தானம் திருச்சி ஜில்லாவோடு சேர்ந்து பத்து வருஷம் ஆகியும் ஊரில் பெரியவர்கள் 'ராஜா காலத்துல' என்றுதான் பேச்சை ஆரம்பிப்பார்கள். விண்ணப்பத்தில் பெயர், வயது, படிப்பு எழுதினேன். அடுத்த கட்டத்தில் 'விதவை' என்று எழுதினேன். எனக்கு அப்போது இருபத்தொரு வயது. விதவைகளுக்கு முன்னுரிமை உண்டு என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அந்தக் கட்டத்தை நிரப்ப ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. வேலை கிடைத்தது, அத்தோடு அந்தக் கதை முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன். ஒரு வருஷப் பயிற்சியில் சோப்புக் காய்ச்சினோம், புகையில்லா அடுப்புக் கட்டினோம், கத்திரிக்காய் பயிர் செய்தோம். கடைசி வாரம் ஒருவர் வந்து, மக்களை வட்டமாக உட்காரவைத்தால் உயர்வு தாழ்வு இல்லாமல் மனம்விட்டுப் பேசுவார்கள் என்று கரும்பலகையில் வட்டம் போட்டுக் காட்டினார். கிராம சேவிகா ஆகிவிட்டேன்.

முதல் ஊர் கந்தர்வக்கோட்டைப் பக்கம். மாதர் சங்கத்துக்குப் பதினைந்து பேரைச் சேர்த்துவிட்டேன். சிலர் பிள்ளை பெற்றுப் பறிகொடுத்தவர்கள். அவர்களைப் பேசவைக்க வேண்டும் என்று ஆசை. பள்ளிக்கூடத்தில் பாய் விரித்து, "வட்டமா உக்காருங்க. நெருங்கி, முழங்கால் முட்டுற மாதிரி உக்காருங்க" என்றேன். ஒருத்தியும் உட்காரவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு ஒரு அம்மாள் மெதுவாகக் கேட்டாள்:

"யாரு தாயி போயிட்டா?"

எனக்குப் புரிவதற்குள் ஒரு இளம்பெண் கொல்லைக்கு ஓடிவிட்டாள், அங்கே வேலை செய்யும் புருஷனைப் பார்க்க. இன்னொருத்தி தந்தி வந்திருக்கிறதா என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். பெண்கள் முழங்கால் முட்ட வட்டமாக உட்காருவது எங்கள் பக்கம் ஒரே ஒரு இடத்தில்தான். சாவு வீட்டில், தோளில் தோள் கட்டிக்கொண்டு கூடி அழுவதற்கு. நானும் இந்த மண்ணில் பிறந்தவள்தான், அப்படி உட்கார்ந்தவள்தான். கரும்பலகை வட்டத்தைப் பார்த்த கண் இதை மறந்துவிட்டது. அன்றைக்கு நாலைந்து பேர் வீட்டுக்குப் போய்த் தலைமுழுகியதாகப் பிறகு கேள்விப்பட்டேன். வெட்கத்தில் இரண்டு நாள் அந்தத் தெருப் பக்கமே போகவில்லை.

அப்போதுதான் என் மேலதிகாரி ரெபேக்கா அம்மா வந்தார். மாதர் நல அமைப்பாளர். பாளையங்கோட்டைக்காரர், மெலிந்த உருவம், வெள்ளைச் சேலை, கையில் எப்போதும் நூலும் கொக்கி ஊசியும். பேசுவது குறைவு. நான் நடந்ததைச் சொல்லி, திட்டு விழும் என்று காத்திருந்தேன். பையிலிருந்து ஒரு சின்ன மேஜைக் கடிகாரத்தை எடுத்துச் சாவி கொடுத்துக்கொண்டே, "இவங்க எங்க பேசுறாங்க, தனம்?" என்று மட்டும் கேட்டார்.

முந்திரிக்கொட்டை உடைக்கிற இடத்தில் பேசுவார்கள். வறுத்த கொட்டை குவியலாகக் கிடக்கும், பெண்கள் அதைச் சுற்றி உட்கார்ந்து தட்டி உடைப்பார்கள். எண்ணெய் பட்டுத் தோல் உரியாமல் இருக்கக் கையில் சாம்பல் பூசிக்கொள்வார்கள். ரெபேக்கா அம்மாவும் சாம்பலைப் பூசிக்கொண்டு உட்கார்ந்தார். கடிகாரத்தைப் பக்கத்தில் வைத்தார். ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இந்த வருசம் மழை எப்படி?" அப்புறம் வாயைத் திறக்கவில்லை. நான் நிரப்பப் பார்த்தபோதெல்லாம் ஊசியால் என் முழங்கையில் குத்துவார். முக்கால் மணி நேரம் கழித்து, கொட்டையிலிருந்து கண்ணை எடுக்காமலே ஒருத்தி, "எம்புள்ள இருந்தா இந்தக் கார்த்திகைக்கு மூணு வயசு" என்றாள். பக்கத்திலிருந்தவள், "எனக்கு ரெண்டாவது" என்றாள். குவியலைச் சுற்றி அவர்கள் வட்டமாகத்தான் உட்கார்ந்திருந்தார்கள். அது யார் கண்ணுக்கும் தெரியவில்லை.

அம்மாவின் முறைகள் எளிமையானவை. கூட்டத்தில் எதையும் எழுதக்கூடாது. யாருக்கும் புத்தி சொல்லக்கூடாது. ஒருத்தி அழுதால் தண்ணீர் எடுக்க ஓடக்கூடாது. கடிகாரம் ஒரு மணி நேரம் காட்டியதும் எழுந்துவிட வேண்டும், பேச்சு எவ்வளவு சுவாரஸ்யமாக இருந்தாலும். பஸ்ஸில் திரும்பும்போதுதான் நோட்டை எடுப்பார். வந்தவர் ஒவ்வொருவருக்கும் ஒரு புள்ளி. யார் யாரைப் பார்த்துப் பேசினார்களோ அந்தப் புள்ளிக்கு ஒரு கோடு. பக்கம் முடியும்போது பாதியில் விட்ட கோலம் மாதிரி இருக்கும். "கோடு படாத புள்ளியைப் பார்த்துக்க, தனம். அடுத்த வாரம் அது பக்கத்துல உக்காரு" என்பார்.

நோட்டில் அவருக்கு ஒரு புள்ளி, எனக்கு ஒரு புள்ளி உண்டு. ஒருநாள் பஸ் குலுங்கலில் என் புள்ளியை விரலால் தொட்டு, "உன் புள்ளியிலேருந்து கோடு போகுது. உன் புள்ளிக்கு ஒண்ணும் வரலியே" என்றார். பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். என் கதையைக் கலக்காமல் வேலை பார்க்கிறேன் என்று அர்த்தம் என நினைத்து, அன்று இரண்டு இட்லி கூடச் சாப்பிட்டேன்.

ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு உட்காருமுறை இருந்தது. பெண்பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்புவது பற்றி ஆண்களிடம் பேச வேண்டியபோது அவர்களைக் கண்மாய்க் கரையில் வரிசையாக, தண்ணீரைப் பார்க்க உட்காரவைத்தார் அம்மா. நேருக்கு நேர் பார்த்தால் முறைப்பார்கள். தண்ணீரைப் பார்த்துக்கொண்டு பேசியபோது ஒருவர் தன் தங்கச்சி படிக்க ஆசைப்பட்ட கதையைச் சொன்னார். கொடும்பாளூர்ப் பக்கம் வாரத்தில் ஒருநாள் தொழுநோய்க்கு மாத்திரை கொடுக்கிற மரத்தடியில் மட்டும் கரும்பலகை வட்டம் அப்படியே பலித்தது. நெருங்கி உட்காருங்க என்றதும் ஒரு பெரியவர் என்னையே பார்த்தார். "எம்பக்கத்துல ஆள் உக்காந்து பதினோரு வருசமாச்சும்மா" என்றார். அங்கே கேள்வியே தேவைப்படவில்லை.

இப்போது திருமயத்துக்கு வருகிறேன். தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன் என்பது எனக்கே தெரிகிறது.

அறுபதுகளின் நடுவில் பர்மாவிலிருந்து நம் ஜனங்கள் கப்பல் கப்பலாகத் திரும்பினார்கள். கடைகளை எல்லாம் அந்த ஊர் சர்க்கார் எடுத்துக்கொண்டுவிட்டது. திருமயம் பக்கம் ஒரு பொட்டலில் அவர்களுக்குக் கொட்டகைகள் போட்டிருந்தார்கள். பெண்கள் கன்னத்தில் ஏதோ மரத்தை உரைத்த சந்தன நிறக் குழம்பைப் பூசிக்கொண்டு, முறத்தில் இலையும் தூளும் வைத்துச் சுருட்டுச் சுற்றுவார்கள். அந்த முறங்களைச் சுற்றித்தான் எங்கள் கூட்டம், வாரம் இரண்டு நாள். காசியம்மாள் என்கிற மூத்தவள் ரங்கூன் வீட்டுப் பலாமரத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் மற்றவர்கள் தங்கள் தங்கள் கிணற்றை, சன்னலை, பக்கத்து வீட்டுப் பர்மாக்காரியை எடுத்துப் போடுவார்கள். அந்தக் கொட்டகையின் ஓலை இடுக்கில் வெயில் பொட்டுப் பொட்டாக விழும். அவர்கள் பேசப்பேச நான் பார்க்காத அந்த ஊர் தரையில் அசைவது போலிருக்கும்.

பேசாதவள் வள்ளிக்கண்ணு. இருபத்தைந்து வயது இருக்கும், இடுப்பில் ஒரு பெண்குழந்தை. புருஷனுக்கு அங்கே துணிக்கடை. "நீங்க மொதல்ல போங்க, கணக்கு முடிச்சுட்டு அடுத்த கப்பல்ல வாரேன்" என்று ஏற்றிவிட்டிருக்கிறான். அப்புறம் நாலு கப்பல் வந்துவிட்டது. நாலாவதில் வந்த ஒருவர், அவன் ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன் என்று யாரிடமோ சொல்லியிருக்கிறார். அது முகாம் முழுக்கத் தெரியும். அவளுக்கும் தெரியும். நோட்டில் வாராவாரம் அவள் புள்ளி தனியாக நின்றது. நான் பக்கத்தில் உட்கார்ந்தேன், பிரயோஜனமில்லை.

அதற்குள் முகாமை மூடப்போவதாக உத்தரவு வந்தது. எல்லாருக்கும் புதுக் காலனியில் மனை. படிவத்தில் இரண்டே கட்டம்தான்: குடும்பத் தலைவர் உடன் இருக்கிறார், அல்லது விதவை. இரண்டும் இல்லாதவளுக்கு மனை இல்லை, கொட்டகையும் இல்லை. குழந்தையோடு அவள் எங்கே போவாள்? நான் போய்ச் சொன்னேன், "ஒரு வார்த்தைதான வள்ளி. எழுதிக் குடுத்துரு."

அவள் குழந்தையின் தலையைக் கோதிக்கொண்டே சொன்னாள்: "அந்த வார்த்தைய நான் எழுதுனா அவுக கப்பல்ல ஏற மாட்டாகம்மா."

ரெபேக்கா அம்மாவிடம் சொன்னேன். "காத்திரு" என்றார். அவர் மதராசில் ஒரு கூட்டத்துக்காகப் பத்து நாள் போய்விட்டார். எனக்குக் காத்திருக்க முடியவில்லை. அந்த வார்த்தையை எழுதியவள் நான். எழுதினால் பிழைத்துக்கொள்ளலாம் என்பதற்கு நானே சாட்சி என்று இறுமாப்பு. அப்போதுதான் அந்த யோசனை வந்தது. கந்தர்வக்கோட்டையில் தப்பாகப் போட்ட வட்டத்தை இங்கே சரியாகப் போட்டால் என்ன? எதைக் கேட்டும் அசையாதவளை அந்த வட்டம் அழவைத்துவிடும். அழுதுவிட்டால் மனசு ஒப்புக்கொள்ளும். எவ்வளவு கெட்டிக்காரி பார், நான்!

காசியம்மாள் தயங்கினாள். "சேதி வராத வீட்டுக்கு அழலாமா டீச்சரம்மா?" என்றாள். நான் பேசிச் சம்மதிக்கவைத்தேன்.

அன்றைக்கு முறங்களை ஓரமாக வைத்துவிட்டு எட்டு பேர் தோளில் தோள் கட்டி உட்கார்ந்தோம். ஒரு இடத்தைக் காலியாக வைத்திருந்தோம். வள்ளிக்கண்ணு வந்தாள், என்ன ஏதென்று தெரியாமல் அந்த இடத்தில் உட்கார்ந்தாள். இரண்டு பக்கமும் கைகள் அவள் தோளில் விழுந்தன. காசியம்மாள் தன் வீட்டை, கிணற்றை, அங்கேயே புதைத்துவிட்டு வந்த மகனைச் சொல்லிக் குரலெடுத்தாள். ஒவ்வொருத்தியும் தன் தன் துக்கத்தைப் பிடித்துக்கொண்டாள். என் தோளிலும் ஒரு கை இருந்தது. நான் அழுவதாகத் திட்டமே இல்லை. எங்கிருந்தோ ஒரு சத்தம் வந்தது, அது என்னுடையது என்று கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிந்தது. அப்போது காசியம்மாள் வள்ளியின் தாலியைச் சொல்லி அழுதாள்.

வள்ளிக்கண்ணு கைகளை உதறிக்கொண்டு எழுந்தாள். கண்ணில் ஒரு சொட்டு இல்லை. என்னைத்தான் பார்த்தாள்.

"யாரைக் கேட்டு அழுதீங்க? உசுரோட இருக்குற மனுசன வட்டம் போட்டு உக்காந்து கொன்னுட்டீங்களே!"

மறுநாள் காலை அவள் இடம் காலியாக இருந்தது. திருமயம் ஸ்டேஷனில் இருப்பதாகச் சொன்னார்கள். அந்த வழியாகத்தான் மதராசிலிருந்து அவர்கள் எல்லாரும் வந்து இறங்கியிருந்தார்கள். பிளாட்பாரப் பெஞ்சில் தண்டவாளத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். வண்டி வந்தால் எழுந்து ஒவ்வொரு பெட்டியாகப் பார்ப்பாள், போனதும் உட்காருவாள். குழந்தைக்குக் காசியம்மாள் சோறு கொண்டுபோனாள். வள்ளி எதையும் வாயில் வைக்கவில்லை. ஏழு நாள் முகாமில் இல்லாதவர் பெயரை அடித்துவிடுவார்கள். நான் இரண்டு முறை போனேன். இரண்டு முறையும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நாலாம் நாள் ரெபேக்கா அம்மா வந்துவிட்டார். ஒன்றுவிடாமல் சொன்னேன். கடிகாரத்துக்குச் சாவி கொடுத்து முடித்தார்.

"நீயும் அழுதியா?"

"ஆமாம்மா."

"சரி" என்றார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நேராக ஸ்டேஷனுக்குப் போனோம். என்னைத் தூரத்தில், பிளாட்பாரக் கோடியில் உட்காரச் சொல்லிவிட்டு, அவர் பெஞ்சின் மறுமுனையில் தண்டவாளத்தைப் பார்க்க உட்கார்ந்து நூலை எடுத்தார். வள்ளியின் பக்கம் திரும்பவே இல்லை. மதியம் காசியம்மாள் முறத்தோடு வந்து பெஞ்சுக்குக் கீழே உட்கார்ந்தாள். மறுநாள் மற்றவர்களும் வந்தார்கள். வேப்ப நிழல் விழுந்த இடத்தில் வரிசையாக, எல்லாரும் தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டு சுருட்டுச் சுற்றினார்கள். கானல் தண்டவாளத்தின் மேல் தண்ணீராக ஓடியது. வண்டி வந்தபோதெல்லாம் வரிசை முழுவதும் எழுந்து நின்றது, எல்லாருமே யாருக்கோ காத்திருப்பவர்கள் போல. போனதும் உட்கார்ந்தது.

ஆறாம் நாள் பிற்பகல், வள்ளிக்கண்ணு பெஞ்சிலிருந்து இறங்கி, காசியம்மாளின் முறத்திலிருந்து ஒரு இலையை எடுத்துச் சுற்ற ஆரம்பித்தாள். இரண்டு சுருட்டு முடிந்தது. மூன்றாவதைச் சுற்றிக்கொண்டே கேட்டாள்.

"அந்தக் கப்பல்ல வந்தவரு கண்ணால பாத்தாராக்கா?"

"பாக்கல ஆத்தா. கேள்விப்பட்டாராம்."

"கேள்விப்பட்டதுதான?"

"கேள்விப்பட்டதுதான்."

சுருட்டை முறத்தில் வைத்துவிட்டு, தண்டவாளத்தைப் பார்த்தபடியே சொன்னாள்: "எனக்குத் தெரியாதுன்னு இல்லக்கா. ஆனா மொதல்ல நான்தான் சொல்லணும். வாயில வர்றப்ப சொல்லிக்கிறேன். அதுவரைக்கும் யாரும் சொல்லாதீங்க."

"சொல்லல" என்றாள் காசியம்மாள். வரிசையில் ஒவ்வொருத்தியாக, "சொல்லல" என்றார்கள். கோடியில் நானும் சொன்னேன். என் குரல் அவ்வளவு தூரம் போயிருக்காது. அவள் காசியம்மாள் கொண்டுவந்த சோற்றுத் தூக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

அன்றைக்கே ரெபேக்கா அம்மா படிவத்தின் அடியில் கையால் மூன்றாவதாக ஒரு கட்டம் போட்டார். 'கணவர் வருகையை எதிர்பார்த்திருப்பவர்' என்று எழுதினார். ஏழு பெண்கள் சாட்சிக்குக் கைநாட்டு வைத்தார்கள். அப்படி ஒரு கட்டமே கிடையாது என்றார் முகாம் அதிகாரி. அம்மா வாதாடவில்லை. கடிகாரத்தை எடுத்து அவர் மேஜைமேல் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்து பின்ன ஆரம்பித்தார். அந்த மௌனத்தைத் தாங்குவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். பத்து நிமிஷத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார், பாவம். வள்ளிக்கண்ணு பெயரிலேயே மனை வந்தது.

பஸ்ஸில் அம்மா நோட்டை எடுத்தார். அன்றைக்கு வட்டமில்லை, ஒரு வரிசைப் புள்ளிகள். வள்ளியின் புள்ளியில் இத்தனை கோடுகள் என்று எண்ண முடியாதபடி இருந்தது. பக்கத்தின் ஓரத்தில், வரிசைக்கு வெளியே, ஒற்றைப் புள்ளி. அது யார் என்று நான் கேட்கவில்லை. காலனிக்கு அப்புறம் நான் பலமுறை போனேன். வள்ளிக்கண்ணு எல்லாரிடமும் பேசுவாள், என்னிடம் மட்டும் பேசவில்லை. அம்மா ஓய்வு பெற்றபோது கடிகாரத்தைத் தன்னோடு எடுத்துக்கொண்டு நோட்டை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

நானும் ஓய்வு பெற்ற மறுவருஷம், காரைக்குடியில் ஒரு கல்யாணத்துக்குப் போகத் திருமயம் ஸ்டேஷனில் நின்றேன். வேப்பமரம் பெருத்திருந்தது. பெஞ்சில் ஒரு அம்மாள் தண்டவாளத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். வள்ளிக்கண்ணுதான். நரைத்த தலை, நெற்றியில் பொட்டு இல்லை. அவளே ஒருநாள் சொல்லியிருப்பாள், சொல்ல வேண்டியவர்களிடம். நான் நகரப் பார்த்தேன்.

"வண்டி லேட்டு" என்றாள், திரும்பாமலே. பக்கத்திலிருந்த பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். "உக்காருங்க டீச்சரம்மா."

உட்கார்ந்தேன். இருவரும் தண்டவாளத்தைப் பார்த்தோம். கானல் அன்றைக்குப் போலவே ஓடியது.

"அன்னைக்கி அந்த வட்டத்துல ஒங்க சத்தந்தான் பெருசாக் கேட்டுச்சு" என்றாள். "அது எம்புருசனுக்கு இல்லன்னு எனக்கு அப்பவே தெரியும். இத்தன வருசமா நெனச்சுக்குவேன். யாருக்கு அழுதீங்க?"

எத்தனை ஊரில் எத்தனை பேரைக் கேட்டிருப்பேன். என்னை யாரும் கேட்டதில்லை. கேட்க நான் விட்டதில்லை. பத்தொன்பது வயதில் என்னைச் சுற்றி வட்டம் போட்டு எல்லாரும் அழுதபோது நான் வாசல் கோலத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், எனக்கு அழுகை வரவில்லை.

"எட்டு மாசந்தான் வாழ்ந்தேன்" என்று ஆரம்பித்தேன். "அவருக்கு என் கை அளவு தெரியாது வள்ளி. ஒவ்வொரு சந்தைக்கும் போயி, பெரிய வளையலா வாங்கிட்டு வருவாரு. ஒண்ணுகூட கையில நிக்காது."

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். அப்புறம் சிரிப்பு வேறாக மாறியது, அவள் தண்ணீர் எடுக்க ஓடவில்லை. வண்டி வந்து நின்று போனது. நாங்கள் ஏறவில்லை.

கல்யாணத்துக்குப் போகாமல் வீட்டுக்குத் திரும்பினேன். நோட்டில் அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்தேன். ரெபேக்கா அம்மாவின் நீல மசி இன்னும் மங்கவில்லை. என் கையில் பென்சில்தான் கிடைத்தது. வரிசையிலிருந்த வள்ளிக்கண்ணுவின் புள்ளியிலிருந்து ஓரத்துப் புள்ளி வரைக்கும் ஒரு கோடு போட்டேன்.